சுவரோடு நின்ற வரைபடம்

அக்காவுக்கு,

கிழித்துப் போட்டுவிடாதே. இது பழைய பஞ்சாயத்து இல்லை, வேலை விஷயம்.

போன வாரம் உங்கள் தெருவில் சாலை உள்வாங்கியதே, அதை ஆராய அலுவலகம் என்னைத்தான் அனுப்பியது. என்னிடம் இருப்பது புல்வெட்டும் வண்டி மாதிரி ஒரு ரேடார் கருவி. தள்ளிக்கொண்டே போனால் மண்ணுக்கடியில் எது கெட்டி, எது பொந்து என்று திரையில் வரைந்து காட்டும். காலையில் பள்ளத்திலிருந்து, என் பங்குக்கு வந்து நான் விற்றுவிட்ட பாதி மனை வழியாக, நம் நடுச்சுவர்வரை தள்ளினேன். வழி நெடுகப் பொந்து. சுவரருகில் அது குறையவில்லை, அகலமாகியிருக்கிறது. அதற்கு அப்பால் என் வரைபடம் வெறும் வெள்ளை.

உள்ளே அளக்க அத்தானிடம் அனுமதி கேட்டேன். கதவைப் பாதி திறந்து, "அளக்க வந்துட்டியா? அன்னைக்கு அளந்து பிரிச்சது போதலையா?" என்றார். பொந்தைப் பற்றி நான் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார். நூல் பிடித்து, ஒரு விரற்கடைகூட விட்டுக்கொடுக்காமல், அந்தச் சுவரை எழுப்ப வைத்தவன் நான்தானே.

அறிக்கை மேலே போய் உத்தரவு வர நாலு நாள் ஆகும். மண் உத்தரவுக்குக் காத்திருக்காது.

சுவரை ஒட்டிய அறையில் இப்போது யார் படுக்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. பிள்ளைகளா?

இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். தெருமுனையில் அலுவலக வேன் நிற்கிறது. ஏறிக்கொள்ளுங்கள், நான் இறங்கி நடந்துகொள்கிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
அளக்க வந்தவன்