துவைக்கும் அறையில் இருந்த குட்டி

மேல்மேட்டுப் பண்ணை,
கம்பர்லாந்து.
24 ஏப்ரல் 1949

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நியூசிலாந்தில் நீயும் ரோலண்டும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். ஆடுகள் குட்டி போடுகிற வாரத்தில் உன் கடிதம் வந்ததால் மூன்று நாள் பிரிக்காமலே கிடந்தது, கோபித்துக்கொள்ளாதே.

நம் ஊர் வார்த்தைகளைக் கேட்டு அங்கே சிரிக்கிறார்கள், பிள்ளைக்குச் சொல்லித்தர எல்லாவற்றையும் எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தாயில்லாமல் புட்டிப்பாலில் வளர்ந்த குட்டி கேய்ட். முதல் பனிக்காலத்தில் அது ஹாக், முதல் தடவை ரோமம் கத்தரித்த பிறகு ஷியர்லிங், பெட்டையாக இருந்தால் முன்னால் கிம்மர் என்று சேர்த்துக்கொள். வளர்கிற பையன்களுக்கும் அப்பா வாயில் ஹாக் என்றுதான் பெயர். உன் தம்பி லான்டி நாலாவது ரொட்டிக்குக் கை நீட்டினால் "டேய் ஹாக், தட்டையும் சேத்துத் தின்னுடா" என்பாரே. அவன் போனதிலிருந்து அந்தச் சொல்லை அவர் எடுப்பதேயில்லை, ஆடுகளைக்கூடச் சின்னதுகள் என்கிறார்.

ஆண்பிள்ளை பிறந்தால் லான்டி என்று பெயர் வைப்போம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லுமுன் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ கப்பலேறிய பிறகு வந்த அந்தப் பெரிய பனியில், லான்டி மலையில் மேல்சுவரோரம் நின்ற ஹாக்குகளை இறக்கிக்கொண்டு வந்தான். அந்த வருஷம் அவற்றைப் பனிக்காலத்துக்குக் கடலோரப் பண்ணைக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருந்தோம். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைவு. அவன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கேய்ட்தான் அது. கேய்ட் மந்தையோடு எங்கே நிற்கும், பனி விழுந்ததும் நேரே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது. நான்தான் அதைத் துவைக்கும் அறையில் சாக்குப் போட்டுப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன். மத்தியானம் முற்றத்தில் அவன் குரல் கேட்டது. "ஒண்ணு கொறையுதுப்பா, என் குட்டிதான், ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்றான். என் கையெல்லாம் மாவு. டீ குடிக்க உள்ளே வருவான், அப்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அவன் டீக்கு வரவில்லை ஹெஸ்டர். ஐந்தாம் நாள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குட்டி மறுநாள் தானாகவே வந்தது என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

அது இப்போது பெரிய ஆடு. பனி வரும்போதெல்லாம் துவைக்கும் அறை வாசலில் வந்து நின்று மலையைப் பார்த்துக் கத்தும். முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டு நான் டீக்கெட்டிலை அடுப்பில் வைத்துவிடுவேன், போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். போன வாரம் அதற்கு முதல் குட்டி செத்தே பிறந்தது. அப்பா வழக்கம்போல் செத்த குட்டியின் தோலை உரித்து ஒரு தாயில்லாக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டார். ஆடு மோந்து பார்த்தது. தன் பிள்ளைதான் என்று மடியைக் கொடுத்தது. பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

நானும் அப்படித்தான் செய்வேன், ஹெஸ்டர். லான்டி என்று ஒரு பிள்ளை இருந்தால் மோந்து பார்த்து என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்றே நம்பிவிடுவேன். ஆட்டுக்குட்டியின் தோலை மூன்றாம் நாள் கழற்றிவிடலாம், பெயரை எப்படிக் கழற்றுவது? உன் மகனுக்கு அவனுடைய சொந்தப் பெயராக ஒன்று வை. அவனை அவனாகவே நான் பார்க்க வேண்டும்.

பாரம் தூக்காதே, காலை நனைக்காதே. பிரசவம் ஆனதும் தந்தி அடிக்கச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. அப்பாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. அது வந்து சேர்வதற்குள் நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா,
ஹன்னா