குவால், கிளப்மாஸ், காலி இடம்

ஜூன் 9
உயிரியல் டீச்சரிடம் இரண்டு டப்பா. ஒன்றில் செடிகளின் பெயர்ச் சீட்டு, இன்னொன்றில் விலங்குகள். ஒரே டப்பாவில் இரண்டு சீட்டு எடுத்து ஒப்பிட்டு எழுத வேண்டும். இடைவேளையில் இரண்டையும் கொட்டிக் கலக்கிவிட்டேன். கலக்கல்!

ஆளுக்கொரு செடியும் விலங்குமாக வர, வகுப்பே சந்தை ஆனது. "முதலையை வச்சுக்க, வாழையைக் குடு!" டீச்சர் தலையில் கைவைத்தார்: "மாத்திக்கங்க, என்னமோ பண்ணுங்க."

என்னிடம் மட்டும் யாரும் வரவில்லை. கையில் மிஞ்சியவை: கிளப்மாஸ், ஒரு செடி. குவால், கறி தின்னும் ஆஸ்திரேலியப் பைவிலங்கு.

ஜூன் 10
கிளப்மாஸ் பாசி மாதிரி இருக்கும். பாசியும் இல்லை, பாசமும் இல்லை. குவாலுக்கு வயிற்றில் பை, எனக்கு முதுகில்.

சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். காலி. என் நண்பன் சுருட்டை அங்கே உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறது. அவன் தனியாகப் பாடியதை ஒளிந்திருந்து பதிவு செய்தேன். அதில் குரல் உடைகிற இடத்தை மட்டும் வகுப்பு ஸ்பீக்கரில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவன் முன் பெஞ்சுக்குப் போய்விட்டான். மற்றவர்களும் விலகினார்கள். "அடுத்து நம்மள வச்சு செய்வான்டா."

ஜூன் 12
அக்கா: "என்னடா, பேட்டரி போயிடுச்சா?"
"ஆமா. சார்ஜர் முன் பெஞ்ச்ல இருக்கு."
அவளுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

ஜூன் 15
குவால் தனியாகத்தான் திரியுமாம். ஆனால் பல குவால்கள் ஒரே இடத்தில் கக்கா போகும். மோந்து பார்த்தே யார் வந்தது என்று தெரிந்துகொள்ளும். (என்ன ஒரு ஜோக்! யாரிடம் சொல்ல?)

சில கிளப்மாஸ்கள் முளைத்தபின் வருடக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஒரு பூஞ்சைதான் சோறு போடும்.

ஒற்றுமை: இரண்டும் பார்வைக்குத்தான் தனி. நான்? நிஜமாகவே தனி.

ஜூன் 18
வகுப்பில் வாசித்தேன். கக்காவுக்குச் சிரித்தார்கள். பூஞ்சை வந்ததும் சுருட்டை கேட்டான், என்னைப் பார்க்காமல், டீச்சரைப் பார்த்து: "அதனால பூஞ்சைக்கு என்ன லாபம்?"

பத்து நக்கல் வாய்வரை வந்தது. விழுங்கினேன். "தெரியல" என்றேன்.

ஜூன் 20
தண்ணீர்க் குழாயடியில் சுருட்டையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜோக் எதுவும் சேர்க்கவில்லை.

"சரி. அதை அழிச்சிடு" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பாட்டிலை மூடிக்கொண்டு முன் பெஞ்சுக்கே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து, அழிப்பதற்கு முன், முதல்முறையாக முழுப் பாட்டையும் கேட்டேன்.

நன்றாகத்தான் பாடியிருக்கிறான்.

அழித்துவிட்டேன்.