நாளைக்கு என்று சொன்ன ரொட்டி

மச்சான்,

இன்று காலை வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டைத் தூவிவிட்டு நிமிர்ந்தேன். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் அடுப்படியில் நிற்க முடியவில்லை. கொல்லைக்குப் போனேன். வாசலுக்கு வந்தேன். வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

"ஒரு எடத்துல ஒக்காருங்களேன். மாவு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள் செல்வி.

என் மனைவி சொல்வது நியாயம்தான். ஆனால் மார்கழிப் பனியில் மாவு பொங்கக் காத்திருப்பது போன வருடத்திலிருந்து எனக்கு ஆகாத காரியமாகிவிட்டது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நீ நாகப்பட்டினத்துக்காரன். நான் கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சார்ஜாவில் ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டில்தான் பார்த்துக்கொண்டோம். பதினோரு வருடம் ஒரே மேசையில் மாவு பிசைந்தோம். அங்கே குளிர்காலத்தில் விரல் விறைத்துப்போகும். வேலை முடிந்து விடிகிற நேரத்தில், நமக்கென்று தனியாகச் சுட்ட ரொட்டியை நீ இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் கையில் வைப்பாய். நான் ஊதினால் உனக்குப் பிடிக்காது. "ஊதாதடா மச்சான். வாய் கொஞ்சம் சுடணும். ஆறிப்போச்சுன்னா அது யாவாரத்துக்கு."

ஊரோடு திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழைக்காலம் வந்தால் ஒருநாள் கிளம்பி என் வீட்டுக்கு வருவாய். என் மகள் வாங்கித் தந்த சின்ன ஓவனைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது பொம்ம அடுப்புடா" என்று கேலி செய்துகொண்டே சுடுவாய். உன் பெண்சாதி தூக்குவாளியில் கொடுத்தனுப்பிய கோழி ஆணத்தை, எங்கள் வீட்டில் குழம்பு என்போம், செல்வி சூடாக்குவாள். வெளியே மழை பெய்துகொண்டிருக்க, ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து மூன்று பேரும் தின்போம்.

போன வருடம் ஐப்பசியில் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். கார்த்திகைக் கடைசியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய்.

"மச்சான், கஞ்சியாக் குடுத்தே கொல்றாங்கடா. சூடா ஒரு ரொட்டி சுட்டு எடுத்துட்டு வாயேன்."

"நாளைக்குக் கொண்டாரேன்டா" என்றேன்.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சம்பா பொதி கட்டி, கதிர் வெளிவர இருந்த நேரம். மறுநாள் விடிந்தபோது பயிரின் நுனிதான் தெரிந்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்க, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நானும் பக்கத்து வயல்காரர்களும் இழுத்துப் போட்டோம். இழுக்க இழுக்க வந்து அடைத்தது. இரண்டாம் நாள் உனக்குப் போன் செய்து, மறுபடியும் நாளைக்கு என்றேன். "சரி" என்றாய். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு போனைத் தொடவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. இப்படியே நான்கு நாள்.

ஐந்தாம் நாள் மழை வெறித்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் ஓடிவந்து மாவு பிசைந்தேன். ஈரக் காற்றில் அது பொங்கவே இல்லை. பொறுமையில்லாமல் அப்படியே சுட்டேன். செங்கல் மாதிரி வந்தது. மறுபடி பிசைந்து வைத்துக்கொண்டு, சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். செல்வி அப்போதுதான் சாப்பாட்டு நெல்லை அவித்துக் கூடத்தில் குவித்திருந்தாள்.

"கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் இந்தச் சூட்டுல வச்சுப் பாருங்க" என்றாள்.

சட்டியைத் துணியால் கட்டி நெல்லுக்குள் புதைத்தோம். ஒரு மணி நேரத்தில் துணியை முட்டிக்கொண்டு எழுந்துவிட்டது மாவு.

சுட்ட கையோடு துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். சிக்கல் தாண்டும்போதும் நெஞ்சில் சூடு இருந்தது. நீ எலும்பாகக் கிடந்தாய். உன் பெண்சாதி ஒரு துண்டு பிய்த்து ஆணத்தில் தோய்த்து ஊட்டினார். கண்ணை மூடி ரொம்ப நேரம் மென்றாய்.

"உப்பு கம்மி, மச்சான்."

அந்த வீட்டில் அத்தனை நாள் கழித்து எல்லோரும் சிரித்தார்கள். "நாளைக்குச் சரியாப் போட்டுக் கொண்டாரேன்" என்று அப்போதும் சொன்னேன் பார், என் வாயை என்ன செய்வது? நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் காலையில் மௌத்துச் செய்தி வந்தது.

நான்கு நாள் வராமல் இருந்ததற்கு உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவன் அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி ஏறவும் இல்லை.

மாவு பொங்கிவிட்டது என்று செல்வி கூப்பிடுகிறாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது இரவு. ரொட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்வந்தேன். உன் பெண்சாதி தேத்தண்ணி கொடுத்தார். உட்கார முடியாமல், நின்றபடியே சொல்லிவிட்டேன்: "அவன் வாய்விட்டுக் கேட்டாம்மா. நான் நாலு நாள் வராம இருந்துட்டேன். ஒரு வருஷமா அதான் அறுக்குது."

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அந்த நாலு நாளும் அவங்க ரொட்டியக் கேக்கவே இல்லண்ணே. ஒங்க பக்கத்துலேர்ந்து யாரு வந்தாலும், மச்சான் வயல்ல தண்ணி வடிஞ்சிருச்சான்னுதான் கேட்டாங்க. போன் போட்டுத் தரவான்னேன். வேணாம், அவன் சேத்துல நிப்பான், எடுக்கலேன்னா அப்புறம் வருத்தப்படுவான்னுட்டாங்க."

வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வராமல் நேராக வயலுக்குப் போய், இருட்டும்வரை வரப்பில் மேலும் கீழும் நடந்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அன்று உன் படுக்கையருகே நின்றபோது ரொட்டியைப் பற்றிப் பேசினேன், உப்பைப் பற்றிப் பேசினேன், நாளையைப் பற்றிப் பேசினேன். நீ நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டு கிடந்ததற்கு மட்டும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வடிந்துவிட்டது, மச்சான். கீழண்டை இரண்டு மா நிலத்துப் பயிர் மட்டும் அழுகியது. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது.