அண்ணன் மெச்சிய ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் மூட்டுவலி இப்போது தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. எந்த ஊர் வாழ லாயக்கு என்று எங்கள் அறையில் தினமும் பட்டிமன்றம்தான். பெரியம்மா வீட்டு அண்ணன் இந்த ஊருக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசுவார். எங்கள் கம்பெனியின் துறைமுக நகரத்துக் கிளையில் எனக்கு மேஸ்திரி வேலை வந்தபோதுகூட, "அந்த ஊர்ல மனுஷன் இருப்பானாடா? பேசாம இங்கயே இரு" என்றார். நம்பி, வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் கட்டில் காலி. அந்த வேலைக்கு அவரே போய்விட்டார். போனில் கேட்டால், "நீதானடா வேணாம்னு சொன்ன?" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அம்மா.

பெரியம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதுகுவலித் தைலம் இனி அனுப்ப வேண்டாம், தேய்த்துவிட ஆளில்லை. மாத்திரை போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்