மேல்காற்றும் என் கல்யாணப் படகும்

செப்டம்பர் 9
ரம்தானிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில், கணவனை இழந்த நான், மறுபடியும் கல்யாணப் பெண், அதுவும் பக்கத்துத் தீவுக்கு! சிரிப்பு அடங்கவில்லை. அவருடைய அக்கா மொங்கியாவை நினைத்தால்தான் பயம். அவள் வீட்டில்தான் வாழப் போகிறேன்.

செப்டம்பர் 15
மொங்கியா சொல்லியனுப்பியிருக்கிறாள்: "என் தம்பிக்குப் பொங்கிப் போட நான் இல்லையா? சரி, வரட்டும். ஆனா கால் நனையாம வந்தாதான் வாசப்படி. நனைஞ்சா வந்த படகுலயே திரும்பிரணும். அதான் எங்க வீட்டு வழக்கம்."
சண்டைக்காரி.

செப்டம்பர் 28
பாலம் இருக்கிறதே, லாரியில் போகலாமே என்றேன். தம்பி சாதுக் துள்ளினான். "நம்ம வீட்டுப் பொண்ணு வெங்காய மூட்டை மாதிரி லாரியிலயா? படகுலதான்! பௌர்ணமிக்குத் தண்ணி நல்லா ஏறும்க்கா."
நிலாவைப் பார்த்தான். காற்றைப் பார்த்தானா?

செப்டம்பர் 29
மேற்கேயிருந்து மேல்காற்று பிடித்துக்கொண்டது. அவர்கள் ஊர் கிழக்குக் கரை. அங்கே இந்தக் காற்றில் அலை பெரிதாக எழாது. அதுதான் ஏமாற்றும். ஓசைப்படாமல் தண்ணீரையெல்லாம் நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். பௌர்ணமி வந்து என்ன செய்யும்? சாதுக் கேட்டால்தானே.

செப்டம்பர் 30
பயந்தபடியே ஆயிற்று. கரைக்குக் கூப்பிடு தூரத்தில் படகு தரைதட்டியது. சுற்றிலும் சேறு. மேளக்காரர்கள் குதித்துக் கரையேறிவிட்டார்கள். நான் மட்டும் பட்டும் வெள்ளியுமாகப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ரம்தான் என்னைத் தூக்க இறங்கினார். மொங்கியா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவ்வளவுதான், முடிந்தது. அழுதுவிட்டேன் — இந்தக் காத்துக்குக் கூடவா என்னைப் பிடிக்கல?
நிமிர்ந்தால் மொங்கியாவே பாவாடையைச் சொருகிக்கொண்டு, திட்டியபடி வருகிறாள்.
"அவனுக்கு இடுப்பு வலி, உன்னைப் போட்டுருவான். ஏறுடி முதுகுல!"
"மதினி, நீங்களா?"
"வீறாப்பா வாயை விட்டுட்டேன். ரெண்டு நாளா சமைச்சு வெச்சிருக்கேன், யார் திங்கறது?"
ஏறினேன். பாதி வழியில் அவள் சறுக்கி, இரண்டு பேரும் தொப்பென்று விழுந்தோம். இடுப்புவரை சேறு. மேளம் நின்றுவிட்டது. ஊரே என் காலைப் பார்க்கிறது.
மொங்கியா எழுந்து இடுப்பில் கைவைத்தாள். "என்ன பாக்குறீங்க? தண்ணியைத்தான் காத்து கொண்டுபோயிருச்சே! இது சேறு. சேறு பட்டா நனைஞ்சதாவா கணக்கு? கொட்டுங்கடா மேளத்தை!"

அக்டோபர் 21
மறுபடியும் மேல்காற்று, தண்ணீர் இறங்கிவிட்டது. மதினியும் நானும் காலையிலேயே சேற்றில் இறங்கி, எட்டுக் கைப் பேய்க்கணவாய் பிடிக்கப் போய்விட்டோம். மத்தியானம் ரம்தான் கரையில் நின்று, பசிக்கிறது என்று கத்தினார்.
"காதுல விழாத மாதிரி இரு" என்றாள் மதினி.