ஸ்பீக்கருக்குக் கட்டிய வரி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

கப்பலில் போட்ட நம் பெட்டிகள் ஒருவழியாக வந்துவிட்டன. லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு சுங்க அலுவலகத்துக்குப் போனேன். குடிவருகிறவர் பயன்படுத்திய பழைய பொருள்களுக்கு வரி இல்லையாம். என் கம்ப்யூட்டரையும் மிக்சியையும் விட்டுவிட்டார்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கரையும் மட்டும் அங்கிருந்த தமிழ் அதிகாரியம்மா தனியே எடுத்து வைத்தார்.

“இது உங்களுதாம்மா?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

“அவர் வரலையா?”

“பின்னாடி வர்றேன்னு சொன்னாரு.”

“எப்போ?”

வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். ஆள் வராமல் பொருள் மட்டும் வந்தால் வரி உண்டு, வேண்டாமென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றார் அந்த அம்மா. கட்டிவிட்டேன். அழவெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள். எதுவுமே தோன்றவில்லை.

எந்த ஒயரை எதில் சொருக வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். அதுவரை கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். துணி மடித்து வைக்க வசதியாகத்தான் இருக்கிறது.

ஆறு மாதத்துக்குள் நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால் வரியைத் திருப்பித் தருவார்களாம். பணம் போனால் போகிறது. வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மனைவி