டோக்கன் போட்டாச்சு, பேப்பர் குடு

ஜூலை 2, புதன்

காற்று. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டுத் தூசி ஊரெல்லாம். காலையில் லைப்ரரிக்குப் போனதும் முதல் வேலை, ஆறு கம்ப்யூட்டரின் உறையையும் கழற்றி, வெளியில் உதறி, மறுபடி போட்டது. உறையோடு இருந்தால்தான் அழகு. தொடத்தான் ஆளில்லையே.

பதினொரு மணிக்கு நாகராஜ் சாருக்கு மேலாபீஸ் போன். லைப்ரேரியன் அவர்தான். பேசி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார். அப்போதே புரிந்துவிட்டது. நம் லைப்ரரியில் கம்ப்யூட்டரை யாரும் உபயோகிப்பதில்லையாம். இந்த மாதமும் லாகின் கணக்கு இப்படியே இருந்தால் ஆறையும் வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்களாம்.

"அப்போ நானு?"

"நீ கம்ப்யூட்டருக்குன்னுதானே காண்ட்ராக்ட்ல வந்தே. ஏன் மாடோது?"

என்ன செய்வது என்று கன்னடத்தில் கேட்டால் ஆச்சா? நான் யாரைக் கேட்பது?

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் விடியுமுன் பெங்களூர் ரயில் ஏறிவிடுகின்றன. திரும்பி வரும்போது லைப்ரரிக்குப் பூட்டு. பகலில் வருகிறவர்கள் பென்ஷன் ஆட்கள். அவர்களுக்கு வேண்டியது தமிழ்ப் பேப்பர், ஒரு ஃபேன், அரசியல் சண்டை போட ஒரு ஆள்.

இந்த வேலை எனக்குப் போகக் கூடாது. வீட்டில் நான் "ஏய்". அங்கே மட்டும்தான் "மேடம்".

நாளைக்கு: கீபோர்டு துடைக்க பிரஷ். ரேஷன். தலைவலி மாத்திரை. ஏதாவது யோசிக்க.

ஜூலை 4, வெள்ளி

யோசித்தாச்சு.

முதல் ஆள் தனகோட்டி மாமா. நந்திதுர்க் பக்கம் சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். சொன்னேன், "மாமா, பேப்பரை அந்த மேசையில படிக்காதீங்க. இங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து படிங்க. உங்க பேர்ல லாகின் மட்டும் போட்டுக்கறேன்."

"அத்தினிதானா? சேரு கூட மெத்துன்னு கீதே."

லாகினுக்கு ஓ.டி.பி. வேண்டும். மாமாவின் லைப்ரரி கார்டில் இருப்பது மகன் நம்பர். மகன் பெங்களூரில் கம்பெனிக்குள். மாமா தன் பட்டன் போனை எடுத்துக் கத்தினார், "டேய், ஆறு நம்பர் வந்துகீதா பாரு, சொல்லுடா!" சத்தம் போடாதீர் என்ற போர்டுக்கு நேர் கீழே.

அந்தப் பக்கம் மகன், "இன்னாத்துக்குப்பா?"

"கேக்காதடா. டோக்கன் போடறோம்."

சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டில் ஏறுமுன் டோக்கன் எடுப்பார்களே, அந்தக் கணக்கில்தான் லாகின் இவருக்குப் புரிகிறது. நம்பர் போட்டு முடித்ததும் கையை நீட்டினார். "டோக்கன் போட்டாச்சு, பேப்பர் குடு."

மத்தியானத்துக்குள் ஆறு சேரும் ஃபுல். மானிட்டருக்கு முன்னால் பேப்பரை விரித்துப் பிடித்தபடி ஆறு பேர். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நா. சார் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நல்ல மனுஷர். கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேனே.

ஜூலை 13, ஞாயிறு

மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஓடிவிட்டது. புழுக்கம்.

கவிதா வந்தாள். ஸ்கெலட்டன் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பெங்களூரில் துணிக் கம்பெனி வேலை, வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கு. அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறாளாம், மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். போனில் படம், வரைபடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

ஆறு சேரிலும் பேப்பர்.

எழுப்பியிருக்கலாம். மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுவார். ஆனால் லாகின் பாதியில் அறுந்தால் கணக்கில் ஏறாது. "கொஞ்சம் இரு கவிதா" என்றேன். இருந்தாள். மறுபடியும் "கொஞ்சம் இரு".

"இன்னாக்கா இது? அவங்க யாருமே ஸ்க்ரீனைப் பாக்கல. பேப்பர் படிக்கறாங்க. என்னப் பாத்தா லூசு மாதிரி தெரியுதா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். டஸ்டரை வைத்துக்கொண்டு துடைத்த இடத்தையே துடைத்தேன். போய்விட்டாள்.

வந்த ஒரே நிஜ ஆள். அவளையும் நானே திருப்பி அனுப்பினேன். சீ.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆட்டோ சீட்டைத் துடைத்துக்கொண்டே, "இந்த மாசம் எப்படியாச்சும் ஓட்டிடு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

கரண்ட் நாலு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் ஆறு பேருக்கும் புதுசாக ஓ.டி.பி. ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் போன். ஒரு மகள் அழாத குறை, "அப்பா, சூப்பர்வைசர் பாக்கறாரு!"

மாமா மட்டும் ஜன்னல் பக்கம் பேப்பரைச் சாய்த்துப் படித்துக்கொண்டே இருந்தார். "கரண்ட் போனா பேப்பர் ஒண்ணும் போவாதும்மா" என்று கிண்டல் வேறே.

உட்கார முடியவில்லை எனக்கு. எழுந்து அலமாரி அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். யாராவது இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்? வாசலில் பைக் சத்தம் கேட்டாலே திக் என்கிறது.

பால். கேஸ் புக் பண்ண.

ஜூலை 31, வியாழன்

கணக்கு அனுப்பியாச்சு. நா. சார் திரையில் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "நம்ம லைப்ரரிதான் ஃபர்ஸ்ட் வரும் போல" என்றார். சந்தோஷப்பட்ட முகமில்லை.

"கொஞ்சம் கொறச்சுப் போடலாமா சார்?"

முடியாதாம். மெஷின் தானே எண்ணுவது.

கவிதா அப்புறம் வரவேயில்லை. தெருவில் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆர்டர் வந்தது! கம்ப்யூட்டர் ஆறும் இங்கேயே. என் காண்ட்ராக்ட் நீட்டிப்பு. நா. சார் எல்லாருக்கும் டீ, பன் வாங்கிவரச் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்புறம் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். வாசகர்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் இந்தக் கிளைக்குத் தமிழ்ப் பேப்பர்களும் வாரப் பத்திரிகைகளும் நாளை முதல் நிறுத்தம். திரையிலேயே படித்துக்கொள்ளலாமாம்.

யார் மாறினார்கள்? எங்கே மாறினார்கள்?

"சார், இது பொய் சார்."

"பொய் இல்லம்மா. நம்ம அனுப்பின கணக்கு."

பாதி டீயை வாஷ்பேசினில் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வழக்கம்போல வந்தார்கள். நேராகக் கம்ப்யூட்டர் ரூம். நான் கேட்கக்கூட இல்லை. மாமா மகனுக்குப் போன் போட்டு நம்பர் வாங்கி, அவரே ஒற்றை விரலால் தட்டினார். இந்த ஒரு மாதத்தில் அதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"டோக்கன் போட்டாச்சு, பேப்பர் குடு."

நீட்டிய கை அப்படியே நிற்கிறது. பாவி நான் என்ன சொல்வேன்? "இன்னிக்கி வரல மாமா" என்று ஆரம்பித்தேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டேன், ஆறு பேரிடமும். உங்கள் பேரை வைத்து என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன், அதனால் உங்கள் பேப்பர் நின்றுவிட்டது என்று.

திரையில் பேப்பரைத் திறந்து காட்டினேன். எழுத்தைப் பெரிசாக்கினால் பாதி வரி வெளியே ஓடுகிறது. சின்னதாக்கினால் எறும்பு. ஒருவர் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இன்னொருவர், "எங்கள வெச்சே எங்களுக்கு ஆப்பு வெச்சிட்டியேம்மா" என்றார். நியாயம்தான்.

மாமா போகவில்லை. "வுடும்மா. பேப்பர டீக்கடையில பாத்துக்கறோம். நீ எங்க பேர தெனம் போட்டுக்க. ஒன் வேல நிக்கணும் இல்ல?"

டீக்கடையில் ஒரு பக்கத்துக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். அவருக்கும் தெரியும். அவரும் திட்டியிருந்தால் தேவலை. பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேலாபீஸுக்குக் கோலார் பஸ். முழுக்க நின்றுகொண்டே. நா. சாரிடம் லீவு என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று கேட்கவில்லை, "யோசிச்சுப் பேசு" என்றார். வீட்டுக்காரர் இன்னும் நேராக, "வாய மூடிக்கினு இருந்தா ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

அதிகாரி என்னைவிடச் சின்னவள். மரியாதையாக உட்காரச் சொன்னாள். கன்னடத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பேப்பர் படிக்க வந்தவர்களை நான்தான் லாகின் போட வைத்தேன், நா. சாருக்கு ஒன்றும் தெரியாது. (கடைசியாக ஒரு பொய். போகட்டும்.)

அப்படியானால் கம்ப்யூட்டர் தேவையில்லையா என்று கேட்டாள்.

தேவை மேடம், என்றேன். ஞாயிற்றுக்கிழமை தேவை. சாயங்காலம் ரயில் வந்த பிறகு தேவை. பேப்பர் பகலில் தேவை. ஆள் வேறே, நேரம் வேறே.

எழுதிக்கொண்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, கணக்குப் பொய் என்று நீங்களே சொல்லும்போது உங்கள் நீட்டிப்பில் நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும் என்றாள். கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

பேப்பரை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது ஜன்னல் சீட். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

தூறல். பேப்பர் வந்துவிட்டது, எல்லாம், வாரப் பத்திரிகை உட்பட. கம்ப்யூட்டர் இரண்டு இங்கே, நாலு வேறு ஊருக்கு. இரண்டில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை கவிதாவுக்கு என்று நா. சாரிடம் வாக்கு வாங்கியாச்சு. எனக்கு வேலை இந்த மாதக் கடைசி வரை.

கவிதா வீட்டில் போய் சொன்னேன். "சரிக்கா" என்றாள். அப்புறம், "அப்போ நீங்க?" நாளைக்கு மாவு அரைக்கணும் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு பேரும் பழைய மேசைக்கே திரும்பிவிட்டார்கள். விஷயம் எல்லாருக்கும் தெரியும். அரசியல் சண்டைகூட இல்லை. கத்தித் தொலையுங்களேன் என்றிருந்தது.

கிளம்பும்போது தனகோட்டி மாமா பேப்பரை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 'ஆட்கள் தேவை' பக்கம். மூன்று இடத்தில் பேனாவால் வட்டம்.

லைப்ரரி பேப்பரில் பேனா வைக்கக் கூடாது மாமா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பறம் திட்டு. மொதல்ல படி."

படித்தேன். மூன்றும் பெங்களூர்.